காட்டன் கிரீனில் இறங்கிய தாடை

ஜூலையில் எண்ணெய்ச் சாயம் காயாது.
மூன்று நாளாக மின்விசிறிக்கு நேரே நிறுத்தியும்
நெற்றியைத் தொட்டால்
விரலோடு வருகிறது நெற்றி.

சுயசித்திரம், எண்ணெயில், இரண்டடிக்கு ஒன்றரை,
திங்கட்கிழமைக்குள்.
பிராஜக்தா தன்னைப் பூனையோடு வரைகிறாள்.
ஃபர்ஹான் முதுகை வரைந்துவிட்டு
இதுவும் நான்தானே என்று சண்டை பிடிக்கிறான்.

என் கண்ணாடி
வீட்டு பீரோவின் கதவிலிருந்து கழன்றது.
சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன்.
அம்மா குளிக்கப் போகுமுன் ஒட்டிவிட்டு மறந்த
பொட்டுகள் நான்கு அதில்.
சுரண்ட மனமில்லை.
உட்கார்ந்தால் ஒன்று காதுமடலில் வந்து நிற்கும்,
ஒன்று கழுத்தில்.
கழுத்துப் பொட்டைப் பாதி தீட்டிய பிறகே
அது என்மேல் இல்லை என்று உறைத்தது.

தோல் நிறம் என்று லேபிள் ஒட்டிய குழாயை
முதலாண்டிலேயே வாங்கி ஏமாந்தவள் நான்.
யாருடைய தோல் என்று
கடைக்காரருக்கும் சொல்லத் தெரியவில்லை.
இப்போது நானே கலக்குகிறேன்:
பர்ன்ட் அம்பர், மஞ்சள் காவி,
பிறகு, நம்பமாட்டீர்கள், நீலம்.
கன்னத்துக்குக் கீழே
வெளிச்சம் திரும்பிப் போகிற இடத்தில்
நான் நல்ல நீலம்.
பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்ட
எந்தப் பட்டப்பெயரிலும்
இந்த நிறம் இல்லை.

கண்தான் தகராறு.
கண்ணாடியைப் பார்க்கும்போது அவள் முறைக்கிறாள்.
துணிக்குத் திரும்பினால்
அவள் எங்கே பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியாது.
தூரிகை துணியைத் தொடுகிற அந்த நொடியில்
என் முகம் எப்படி இருக்கும்?
அதை மட்டும் நான் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை.
பக்கத்து ஈசல்காரியைக் கேட்டேன்.
"வாய் கொஞ்சம் திறந்திருக்கும்," என்றாள்.
வாயை மூடித்தான் வரைந்திருந்தேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டார்கள்.
ஈரத்தோடு தூக்கிக்கொண்டு ஹார்பர் லைன் ரயில்,
லேடீஸ் டப்பா,
முகம் வெளிப்பக்கமாக, சட்டத்தை மார்போடு பிடித்து.
கொஞ்ச நேரம் என் கழுத்துக்குக் கீழே
இன்னொரு முகமும் பயணம் செய்தது.
கிளிப் விற்கும் பெண் அதைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
இருவரில் எவளுக்கும் கிளிப் தேவையில்லை என்று
நகர்ந்துவிட்டாள்.

டாக்யார்ட் ரோடு தாண்டியதும் கூட்டம் சாய்ந்தது.
காட்டன் கிரீனில் வெள்ளைச் சுடிதார் ஒன்று இறங்கிப் போனபோது
அதன் வலது தோள்பட்டையில்
என் தாடை இருந்தது.

கூப்பிட்டிருக்கலாம்.
என்னவென்று கூப்பிடுவது?
மேடம், என் தாடை உங்களிடம் இருக்கிறது என்பதை
இந்தியில் கோர்ப்பதற்குள்
சிவ்ரி வந்துவிட்டது.

வீட்டில் டர்பன்டைன் வாசனைக்கு
அம்மா முதலில் மண்ணெண்ணெய் கேனைத் தேடினாள்.
பிறகு துணியின் முன்னால் நின்றாள்,
கையில் கரண்டியோடு, வெகுநேரம்.
"பேச்சித்தாய் அத்தையல்லா இருக்கா.
தாடை இல்லாமயே தெரியுதே."
நான் பிறக்குமுன்னே போய்ச் சேர்ந்த அத்தை.
ஒரு போட்டோகூடக் கிடையாது.
சரியா தப்பா என்று யாரைக் கேட்க?
குக்கர் விசிலடித்தது, போய்விட்டாள்.

அங்கே யாரோ இந்நேரம்
குழாயடியில் குந்தி
சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.
தேய்க்கத் தேய்க்க அகலும்,
அவள் நினைக்கிற மாதிரி இல்லை, பரவும்.
திட்டுவாள். திட்டட்டும்.
பழுப்பின் ஓரத்தில் மெல்லிய நீலம் கசியும்போது மட்டும்
ஒரு நொடி கையை நிறுத்திப் பார்த்தால் போதும்.

வாயைத் திறந்து வைத்து
மறுபடி தொடங்க வேண்டும், கீழிருந்து.
இரவு பதினொன்று.
அல்ட்ராமரின் குழாயை
வாலிலிருந்து சுருட்டிக்கொண்டு வருகிறேன்.
ஒரு பட்டாணி அளவு வந்தால்
தாடை.